விருந்தாளியாக அல்ல

அந்த ஈஸ்டர் மார்ச் கடைசியில் வந்ததா, ஏப்ரல் நடுவில் வந்ததா என்று இப்போது கேட்டால் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. திராட்சை அறுவடை முடிந்து கொடிகளில் இலைகள் பழுத்திருந்தன என்று நினைவு. எங்கள் ஊரான கிளிப்டாமில் விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மூடுபனி இருந்தது என்கிறார் ஒருவர்; வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது என்கிறார் இன்னொருவர். அன்று தேவாலய பேண்டில் ஊதியவர்களே, எந்தப் பாட்டோடு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம் என்பதில் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஹெஸ்டரின் மனதுக்குள் ஓடியது அவள் வாயால் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவளோ மற்றவர்கள் பத்து வார்த்தை பேசும் இடத்தில் ஒன்று பேசுகிறவள். ஆகவே நான் சொல்வதில் பிசகு இருக்கலாம். அவள் வண்டி நின்ற இடத்தைப் பற்றி மட்டும் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை.

ஹெஸ்டர் ஜூலிஸ் வில்கராண்டில் வீடு வாங்கிவிட்டாள் என்ற செய்தி வந்தபோது கிளிப்டாமில் முதலில் சிரித்தார்கள், பிறகு நம்பினார்கள், பிறகு அவளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

வில்கராண்ட் எங்கள் பெற்றோர் வேலை பார்த்த திராட்சைப் பண்ணை. அது கைமாறியபோது தொழிலாளர் வீடுகளை இடித்துவிட்டு, எல்லோரையும் லாரியில் ஏற்றி ஆற்றுக்கு இந்தப் பக்கம் கிளிப்டாமில் இறக்கினார்கள். கொடிகளை விட்டுவைத்தார்கள், பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக. கொடி வரிசைகளுக்கு நடுவே வெள்ளைச் சுவரும் கரும்சாம்பல் கூரையுமாக வீடுகள் எழுந்தன. சுற்றிலும் மின்வேலி. ஒரே ஒரு வாசல். வாசலில் தடுப்புக் கம்பம், காவலாள், கேமரா. குடியிருப்பவர் விரலை வைத்தால் கம்பம் எழும். மற்றவர்களுக்குக் குடியிருப்பவர் தன் போனிலிருந்து ஒரு பாஸ் அனுப்ப வேண்டும்.

வேலிக்கு உள்ளே, பண்ணை அணைக்கு மேலே, ஊசியிலை மரங்களுக்கு அடியில், பண்ணை ஆட்களின் கல்லறைகள் இருந்தன. அவற்றை மட்டும் லாரியில் ஏற்ற முடியவில்லை. ஹெஸ்டரின் அம்மா ராக்கேல் ஆரெண்ட்ஸ் அங்கே மூன்றாவது வரிசையில் படுத்திருந்தாள்.

ஹெஸ்டர் தலைமை நர்ஸாக ஓய்வு பெற்றவள். கட்டட வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்த கணவன் டெஸ்மண்ட் இறந்த பிறகு, நகரத்து வீட்டை விற்றுவிட்டு எட்டாம் எண் வீட்டை வாங்கினாள். அந்தக் குடியிருப்பிலேயே சின்ன வீடு அதுதான். வீட்டைக் காட்ட வந்த பெண் சமையலறை ஜன்னலருகே சங்கடத்தோடு நின்று, "அங்க கொஞ்சம் பழைய கல்லறைங்க தெரியுது. மரம் வெச்சா மறைஞ்சிடும்," என்றாளாம். "மரம் வெச்சா வெட்டிடுவேன்," என்றாள் ஹெஸ்டர். அந்த ஜன்னலுக்காகத்தான் அவள் அந்த வீட்டையே வாங்கினாள். அதை அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. எங்களிடமும் சொல்லவில்லை.

அங்கே வாழ்வது கஷ்டம் என்று சொல்ல முடியாது. குழாயில் தண்ணீர் வந்தது, இரவில் கதவைப் பூட்டாமல் தூங்கலாம். ஆனால் சுவருக்கு என்ன நிறம் அடிக்க வேண்டும், துணியை எங்கே காயப்போட வேண்டும், நெருப்பு மூட்டி இறைச்சி சுட எந்த நேரம் சரி என்பதற்கெல்லாம் விதி இருந்தது. விதிக்கு மேல் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அறிமுகமில்லாத ஆள் கொடிகளுக்கு நடுவே நடந்தால் ஐந்தே நிமிடத்தில் அவர் படம் அதில் வந்துவிடும். ஹெஸ்டரின் படமும் முதல் மாதத்தில் ஒருமுறை வந்தது. அதே வாரத்தில், நாயோடு நடந்து வந்த ஒரு அம்மாள் அவளை நிறுத்தி, "நீ எந்த வீட்டுல வேலை பாக்குற?" என்று பிரியமாகவே கேட்டாள்.

"எட்டாம் நம்பர்ல."

"நல்லவங்களா?"

"ஒருத்திதான். பிடிவாதக்காரி. ஆனா நான் சொன்னதைக் கேப்பா."

மாலைகளில் அவள் அணையைச் சுற்றிக் கல்லறைகள் வரைக்கும் நடப்பாள். அம்மாவின் கல்லறையைச் சுற்றிப் பதித்திருந்த கடற்சிப்பிகளில் மண் ஏறியிருக்கும், குனிந்து துடைப்பாள். மற்றக் கல்லறைகளில் பெயர்கள் அழிந்துகொண்டிருந்தன. எல்லாம் அவளுக்குத் தெரிந்த பெயர்கள். யாரும் வருவதில்லை என்பதை அவள் பார்த்தாள். ஏன் வருவதில்லை என்று யோசித்தாளா என்றால், யோசிக்கவில்லை. அதை அவளே பின்னால் ஒப்புக்கொண்டாள்.

சில வாரம் அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிட்டுப் போன ஒரு மாலை, கல்லறைகளுக்கு நடுவே புதிதாக ஒரு பலகை நின்றது.

இந்த இடத்தில் உள்ள, உரிமை கோர ஆளில்லாத கல்லறைகளை நகராட்சி இடுகாட்டுக்கு மாற்ற உத்தேசம். ஆட்சேபம் உள்ள உறவினர்கள் அறுபது நாளுக்குள் தெரிவிக்கவும். கீழே தேதி. பாதிக்குமேல் கழிந்திருந்தது. பலகையின் முகம் கல்லறைகளைப் பார்த்தபடி இருந்தது. படுத்திருப்பவர்கள் எழுந்து உட்கார்ந்தால் வாசிக்கலாம்.

அவள் அங்கேயே வெகுநேரம் நின்றாள். மறுநாள் காலை குடியிருப்போர் குழுவின் தலைவரைப் பார்க்கப் போனாள்.

டீவால்ட் பிரிங்க் அணைகள் கட்டி ஓய்வு பெற்ற பொறியாளர். குரல் உயர்த்தாத மனிதர். காபி ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார். ஒயின் சுவைக்கும் கூடம் வரப்போகிறது, வண்டிகள் நிறுத்த இடம் வேண்டும், சமதளமாக இருப்பது அந்த இடம் ஒன்றுதான் என்றார்.

"அங்க ஆளுங்க இருக்காங்க, மிஸ்டர் பிரிங்க்."

"அவங்களை மரியாதையா, பாஸ்டர் வெச்சு, ஜெபம் பண்ணித்தான் மாத்துவோம்."

"பலகையை ஏன் உள்ள வெச்சீங்க?"

"இடத்துலதான் வைக்கணும். சட்டம் அப்படி."

"கல்லறை உள்ள இருக்கு. புள்ளைங்க வெளிய இருக்காங்க. யாரு வாசிப்பா?"

"சட்டத்தை நான் எழுதலை, மிசஸ் ஜூலிஸ்." அவர் கோப்பையைத் தட்டில் வைத்தார். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நாங்க யாரையும் தடுக்கலை. கல்லறைக்கு வர்றவங்க வாசல்ல பேரைச் சொல்லி, காவலாளைக் கூட்டிக்கிட்டு வரலாம். ஆனா வருஷக்கணக்கா யாரு வந்தா? நீங்க ஒருத்தர். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் அரசு அதிகாரி பாக்க வர்றார். அது ஆள் வந்துபோற இடமா, கைவிட்ட இடமான்னு பாத்து அவர் எழுதறதுதான் முடிவு. ஆள் வந்துபோற இடமா இருந்தா நாங்க தொட மாட்டோம். தொடவும் முடியாது."

அவர் அவளுடைய கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உங்க அம்மா கல்லறைக்கு வேணும்னா தனியா ஏற்பாடு பண்றேன். தோட்டத்துச் சுவர் ஓரமா, ரோஜா வெச்சு. குழுவுல நான் பேசறேன்."

ஹெஸ்டர் அந்த ரோஜாவைப் பற்றி யோசித்தாள். நோயாளிக்குக் கெட்ட செய்தி சொல்லப் போகும் டாக்டர்கள் முதலில் தலையணையைச் சரிசெய்வதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். காபியைத் தொடாமல் எழுந்தாள்.

"எங்கம்மா தனியாப் படுத்துப் பழகினவ இல்லை," என்றாள். "ஒரே ரூம்ல ஒன்பது பேர்."

அன்று மதியமே ஆற்றைக் கடந்து கிளிப்டாமுக்கு வந்தாள்.

அவள் அண்ணன் கெரிட் ஆரெண்ட்ஸ் தேவாலயத்துப் பித்தளை பேண்டின் தலைவர். டியூபா ஊதுவார், அந்தப் பெரிய குழலை மாட்டிக்கொண்டால் ஆள் பாதி மறைந்துவிடுவார். அவள் போனபோது முற்றத்தில் அதைக் கழற்றிப் போட்டு, விசைகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டுத் துடைப்பதைத் தொடர்ந்தார். அண்ணி டாலிதான் வாசலில் வந்து நின்றாள்.

"அட, மேடம்! எங்க வாசல்ல விரல் வைக்காமலே வந்துட்டீங்களே?"

"போதும் அண்ணி."

"இல்ல, கேக்குறேன். எங்க நாய் உங்களைப் படம் எடுத்து குரூப்புல போடலியா?"

கெரிட்டின் உதடு கொஞ்சம் அசைந்தது. டாலி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள், இழுத்த சத்தத்தில் கோபம் இருந்தது. ஹெஸ்டர் உட்கார்ந்து பலகையைப் பற்றிச் சொன்னாள், பிரிங்க் சொன்னதைச் சொன்னாள், அதிகாரி வரப்போவதைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை கெரிட் நிமிரவில்லை.

"அப்போ ஆளுங்க வரணும்," என்றார் கடைசியில்.

"வந்தாப் போதும் அண்ணே. சுண்ணாம்பு அடிச்சு, சிப்பியைத் தொடச்சு வெச்சாப் போதும். பார்த்தாலே தெரியும். நான் வழி வெச்சிருக்கேன். ஒரு வீட்டுக்கு இத்தனை பேர்தான்னு கணக்கு கிடையாது. நான் போன்ல இருந்தே எல்லாருக்கும் பாஸ் அனுப்பறேன். பெரிய வெள்ளிக்கு வாங்க, ஊறவெச்ச மீனும் பன்னும் என் வீட்டுல. யாரும் கேள்வி கேக்க முடியாது. என் விருந்தாளிங்க."

அவள் அதை உண்மையிலேயே நல்ல யோசனை என்று நினைத்திருந்தாள். ஆற்றுப்பாலத்தில் வரும்போது மனதுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருந்தாளாம்.

கெரிட் துணியை மடித்துத் தொடைமேல் வைத்தார்.

"விருந்தாளியா?"

சின்ன வயதில் அண்ணனும் தங்கையும் சண்டை வந்தால், யார் முதலில் வாயைத் திறப்பது என்று மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அன்று கெரிட் முதலில் திறந்தார்.

"நான் ஒரு தடவை வந்தேன், தெரியுமா உனக்கு? நீ அங்க வீடு வாங்கறதுக்கு முன்னாடி. வாசல்ல காவலாள் அடையாள அட்டையை வாங்கினான். படம் எடுத்தான். யாரைப் பாக்கணும்னு கேட்டான். எங்கம்மாவைன்னேன். எந்த வீட்டுலன்னு கேட்டான். அப்புறம் ஒருத்தனைக் கூட அனுப்பினான். நான் முட்டி போட்டு ஜெபம் பண்ணும்போது அவன் பின்னாடி நின்னு கடிகாரத்தைப் பாத்துட்டு நின்னான். ஆமென் சொல்றதுக்குள்ள, நேரமாச்சு ஐயான்னான்."

"நீ என்கிட்ட சொல்லவே இல்லை."

"நீ கேக்கலை."

டாலி உள்ளே போகவில்லை. கதவில் சாய்ந்து நின்றாள்.

"இப்போ நீ பாஸ் குடுப்பே," என்றார் கெரிட். "வாசல்ல என்னன்னு எழுதுவாங்க?"

"எட்டாம் நம்பர் ஜூலிஸ் வீட்டுக்கு வந்தவங்கன்னு."

"ராக்கேல் ஆரெண்ட்ஸோட மகன் வந்தான்னு எழுதுவாங்களா?"

கெரிட் எண்ணெய்ப் புட்டியை மூடித் தள்ளி வைத்தார்.

"எங்கம்மா கல்லறைக்கு நான் விருந்தாளியா வரமாட்டேன், ஹெஸ்டி. உனக்கு விருந்தாளியாவும் வரமாட்டேன். அந்த மண்ணுல கிடக்கறதெல்லாம் நம்ம ஆளுங்க. நாம விருந்தாளின்னு ஒத்துக்கிட்டா, அவங்களும் விருந்தாளிதான். விருந்தாளியை எப்போ வேணும்னாலும் போகச் சொல்லலாம். அதைத்தானே இப்போ சொல்றாங்க?"

"வராம இருந்தா எடுத்துடுவாங்க அண்ணே! வீம்புக்கு அம்மாவைத் தூக்கிக் குடுப்பியா?"

கெரிட் டியூபாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, விசைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். காற்று இல்லாமல் அவை டக் டக் என்றன. பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

திரும்பும் வழியில் அவள் வாசலில் விரல் வைத்தாள், கம்பம் எழுந்தது. இத்தனை வருடமாக அந்தக் கம்பம் எழுவது அவளுக்கு ஒரு சின்ன வெற்றியாக இருந்திருக்கிறது. பண்ணைக்காரன் வந்தால் அம்மா சாலையோரம் இறங்கி நிற்பாள். அதே சாலையில் மகளுக்காகக் கம்பம் எழுகிறது. அன்றுதான் முதல்முறையாக, தான் உள்ளே போனதும் அது பின்னால் இறங்கும் சத்தத்தைக் கேட்டாள்.

பெரிய வெள்ளியன்று யாரும் வரவில்லை. அவள் மீன் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. ஒரு வாளி சுண்ணாம்பைத் தூக்கிக்கொண்டு போய் அம்மாவின் கல்லறைக்கு அடித்தாள், பிறகு பக்கத்துக் கல்லறைக்கு, பிறகு அடுத்ததற்கு. அந்த வரிசை முடிவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. 'கல்லறைப் பக்கம் யாரோ பெயிண்ட் அடிக்கிறார்கள், பாதுகாப்பு கவனிக்கவும்' என்று குழுவில் செய்தி வந்தது. 'நான்தான். எட்டாம் நம்பர். வாளி இன்னொன்று இருக்கிறது, வருகிறவர்கள் வரலாம்' என்று பதில் போட்டாள். யாரும் வரவில்லை. ஒருவர் மட்டும் கும்பிடும் கைகளை அனுப்பியிருந்தார். சனிக்கிழமை முழுக்க மல்லாந்து படுத்தே கிடந்தாள்; ஒருத்தி அடித்த சுண்ணாம்பு எத்தனை பேர் வந்துபோனதாகத் தெரியும் என்று கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டாள்.

ஈஸ்டர் ஞாயிறு விடியும் முன்னால் எங்கள் பேண்டு தெருத்தெருவாக ஊதிக்கொண்டு போய் ஊரை எழுப்பும். பிறகு எல்லோருமாகக் கிளிப்டாம் இடுகாட்டுக்குப் போய், செத்தவர்கள் நடுவில் நின்று சூரியன் உதிப்பதைப் பார்ப்போம். மிஷன் காலத்திலிருந்து அப்படித்தான். பாலத்து முனையில் பேண்டு பாலத்தில் ஏறாமல் இடப்பக்கம் திரும்ப வேண்டும்.

ஹெஸ்டர் படுக்கையில் விழித்தபடி அந்த ஊதலைத் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். பாலம் வரைக்கும் வந்தது. இனி மெல்ல மெல்லக் குறையும் என்று காத்திருந்தாள். குறையவில்லை.

தேவாலயத்துக்கு எடுத்து வைத்திருந்த வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு, செருப்புகூடச் சரியாகப் போடாமல் வண்டியை எடுத்தாள்.

வாசலுக்கு வெளியே கிளிப்டாமில் பாதி நின்றது. பாஸ்டர், பேண்டு, கையில் சுண்ணாம்பு வாளியும் மண்வெட்டியும் சிப்பிப் பையும் வைத்திருந்த பெண்கள். நானும் அதில் இருந்தேன். முன்னால் டியூபாவோடு கெரிட். காவல் அறையில் மொங்கேசி என்ற பையன் இருந்தான். கிழக்கு மாகாணத்திலிருந்து வேலைக்கு வந்தவன், மரியாதை தெரிந்தவன்.

"ஐயா, பாஸ்?"

"பாஸ் இல்லை தம்பி."

"யாரைப் பாக்கணும்?"

"ராக்கேல் ஆரெண்ட்ஸ்."

மொங்கேசி திரையைத் தட்டினான். "எந்த நம்பர் ஐயா?"

"மூணாவது வரிசை, ரெண்டாவது."

"அப்படி நம்பர் இங்க இல்லியே. அவங்க போன் நம்பர் இருக்கா? கூப்பிட்டுக் கேக்கறேன்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "நல்லாக் கூப்பிடு தம்பி," என்றாள் டாலி. "எடுத்தா எனக்கும் குடு. அந்தக் கிழவிகிட்ட நான் கேக்க வேண்டியது நிறைய இருக்கு."

பிரிங்க் அதற்குள் வந்துவிட்டார், இரவு உடைமேல் ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு. கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்தது கோபம் அல்ல. மழைநாளில் அணைச் சுவரைப் பார்க்கும் முகம் அது. ஹெஸ்டரைக் கண்டதும் கொஞ்சம் ஆறுதல் வந்தது.

"மிசஸ் ஜூலிஸ், நல்ல வேளை வந்தீங்க. இதைச் சுலபமா முடிச்சிடலாம். நீங்க போன்ல பாஸ் போடுங்க. பத்துப் பத்துப் பேரா விடறேன். நல்ல நாளும் அதுவுமா யாரையும் திருப்பி அனுப்ப எனக்கும் ஆசை இல்லை."

நியாயமாகத்தான் பேசினார். அதுதான் கஷ்டம். போன் அவள் கையில் இருந்தது. நாலு தட்டுத் தட்டினால் போதும்; கல்லறைகள் பிழைத்துவிடும். கம்பத்துக்கு அந்தப் பக்கம் அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். வா என்றும் சொல்லவில்லை, செய் என்றும் சொல்லவில்லை. பித்தளையில் பனி வழிந்துகொண்டிருந்தது.

அவள் போனைப் பையில் போட்டாள். திரும்பி நடந்து வண்டியில் ஏறினாள். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள் என்றே நினைத்தோம். யாரோ என் பக்கத்தில் 'தூ' என்றார்கள்.

வண்டி பின்னால் போகவில்லை. வெளியேறும் வழியில் முன்னால் வந்தது. வெளியே போகிறவர்களுக்கு விரல் வேண்டாம், வண்டி நெருங்கினால் கம்பம் தானே எழும். எழுந்தது. சரியாக அதன் அடியில் வந்ததும் வண்டி நின்றது. இன்ஜின் அணைந்தது. வண்டி அடியில் நிற்கும்வரை அந்தக் கம்பம் இறங்காது. யார் வண்டியையும் நசுக்கிவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள்.

சாவியை உருவி உடுப்புக்குள் போட்டுக்கொண்டாள்.

பிரிங்க் ஜன்னலருகே வந்து குனிந்தார். "மிசஸ் ஜூலிஸ், வண்டியை எடுங்க."

"எடுக்க முடியாது."

"முடியாதா, மாட்டீங்களா?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். "மாட்டேன்."

"இது விதிமீறல். உங்க மேல நடவடிக்கை வரும். தெரியும்ல?"

"எழுதிக்கோங்க. எட்டாம் நம்பர்."

கெரிட் டியூபாவை உதட்டுக்குக் கொண்டு போனார். அந்த முதல் ஊதல் காவல் அறைக் கண்ணாடியை அதிரவைத்தது. வண்டிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுதான் இடம். ஒவ்வொருவராக நுழைந்தோம். பெரிய முரசு சிக்கிக்கொண்டது. தலைக்குமேல் தூக்கிக் கடத்தினோம். டியூபாவின் வாய் வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியை இடித்து மடக்கியது. கெரிட் ஊதுவதை நிறுத்தாமலே ஒரு கையால் அதை நிமிர்த்திவிட்டுப் போனார். தங்கையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஊத முடிந்திருக்காது என்று பின்னால் சொன்னார். டாலி நின்று ஜன்னலைத் தட்டினாள்.

"மேடம், வண்டி ரிப்பேரா? தள்ளிவிடட்டுமா?"

"தள்ளிப் பாரு அண்ணி, கையை ஒடிக்கிறேன்."

"அப்படியே இரு, அசையாதே," என்றாள் டாலி. அவள் கன்னம் ஈரமாக இருந்தது. "உனக்கும் சேத்து நான் சிப்பி வைக்கறேன்."

மொங்கேசி வண்டியின் மறுபக்க ஜன்னலுக்கு வந்தான். ரேடியோ அவன் தோளில் கத்திக்கொண்டே இருந்தது. "அம்மா, இவங்களை நான் என்னன்னு எழுதட்டும்? பதில் சொல்லணுமே."

"உள்ள இருக்கறவங்களோட புள்ளைங்கன்னு எழுது."

அவன் திரையைப் பார்த்தான். "அதுக்கு இடமில்லைம்மா."

"அப்போ எழுதாதே."

பேண்டு கொடிகளுக்கு நடுவே மேலே ஏறிப்போனது. அவள் இறங்கவில்லை. இறங்கினால் நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளிவிடுவார்கள், கம்பம் இறங்கிவிடும், ஆற்றுப்பக்கம் இருந்து இன்னும் ஆட்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் குடிவந்தவள், அம்மாவின் பிள்ளைகள் எல்லோரும் அவளிடம் ஏறிப்போன அந்த விடியலில் வாசலில் உட்கார்ந்திருந்தாள். மலைமுகட்டில் சிவப்பு ஏறியது. வீடுகளிலிருந்து இரவு உடைகளோடு சிலர் வெளியே வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நாய் வைத்திருந்த அம்மாள் வண்டியருகே வந்து நின்றாள். மேலே பாஸ்டரின் குரல் கேட்டது; வார்த்தை புரியவில்லை. பிறகு பெயர்களை வாசித்தார்கள். அதை அவளால் கேட்க முடிந்தது, ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் ஒன்றாகக் குரல் கொடுத்ததால். ராக்கேல் ஆரெண்ட்ஸ் என்று வந்தபோது, மூடிய வண்டிக்குள் அவளும் குரல் கொடுத்தாள். வெளியே யாருக்கும் கேட்டிருக்காது.

வெயில் ஏறியபின் நாங்கள் அதே வழியில் இறங்கி வந்தோம், முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு. கடைசி ஆள் வெளியே போகும்வரை இருந்துவிட்டு, அவள் சாவியைத் திருகினாள்.

அடுத்த வாரம் அதிகாரி வந்தார். எல்லாக் கல்லறையும் வெள்ளையாக இருந்ததையும், சிப்பிகளையும், அந்த ஞாயிறுக்குப் பிறகு நாங்கள் எழுதிக் கொடுத்திருந்த ஆட்சேபங்களையும் பார்த்தார்; கைவிடப்பட்ட இடமல்ல என்று எழுதிவிட்டுப் போனார். கல்லறைகள் அங்கேயே இருக்கின்றன. வண்டி நிறுத்துமிடத்தைக் கீழ்ப்பக்கம் கட்டினார்கள். மழைக்காலத்தில் அதில் தண்ணீர் நிற்கிறது. குடியிருப்போர் குழு ஹெஸ்டரின் விரல்பதிவை ஆறு மாதத்துக்கு நீக்கியது. தன் வீட்டுக்குத் தானே பாஸ் கேட்டு வர வேண்டியிருந்தது. யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், "என்னையே," என்பாள். மொங்கேசி வேறொரு குடியிருப்பின் வாசலுக்கு மாறிப் போனான், கல்யாணம் ஆகிவிட்டது. பிரிங்க் வீட்டை விற்றுவிட்டுக் கடலோரத்துக்குப் போய்விட்டார். ஆற்றுப்பக்க வேலியில் ஒரு சின்னக் கதவு வைத்து, ஈஸ்டர் விடியலுக்கு மட்டும் திறக்கிறார்கள். கெரிட் ஒருமுறையும் அதில் நுழையவில்லை, பெரிய வாசல் வழியாகவே போனார். மூன்றாவது வருடம் மாரடைப்பில் இறந்தார். அம்மா பக்கத்தில் புதைக்கக் கேட்டோம், அனுமதி கிடைக்கவில்லை, கிளிப்டாமில்தான் இருக்கிறார். டியூபாவை இப்போது அவர் மருமகன் ஊதுகிறான், சுமாராக. டாலிக்கு முட்டி வலி, ஆனாலும் வருகிறாள். ஹெஸ்டர் எட்டாம் எண்ணில் இருக்கிறாள்.